நட்சத்திரமில்லாத ஏழு நோட்டுகள்

சிங்கப்பெருமாள் கோயில்
3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு பூபாலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நலம். மாமல்லபுரத்தில் நீ, மாமா, பாப்பா எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன் இருக்கிற காலத்தில் தம்பி கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். என் போன் என்னிடம் இல்லை. ஏ.டி.எம். வேனில் போகிற எங்கள் நான்கு பேர் போனையும் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மா போனில் பேசவும் பயமாக இருக்கிறது. யார் யாரிடம் பேசினார்கள் என்று பட்டியல் எடுக்கிறார்களாம்.

நடந்தது இதுதான். போன வாரம் தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம் நாங்கள் பணம் நிரப்பிய மெஷினில் ஒரு பெண் பத்தாயிரம் எடுத்திருக்கிறாள். அதில் மூன்று ஐந்நூறு கள்ளநோட்டு. வங்கிக்காரர்கள் மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே இன்னும் நான்கு. மொத்தம் ஏழு. ஐந்தைத் தொட்டாலே போலீஸ் கேஸ் என்கிறார் மேனேஜர். அன்று அந்த மெஷினைத் திறந்தது நானும் என்னோடு வேனில் வரும் உலகநாதன் அண்ணனும்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அச்சடிக்கும்போது கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக, எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்ட வேறு நோட்டை வைப்பார்கள், அதைச் சேர்க்கிறவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். புதுக் கட்டைச் சுற்றிய தாளிலேயே உள்ளே நட்சத்திர நோட்டு இருக்கிறது என்று அச்சாகி வருகிறது. நான் வேனுக்குள் அதை உருவிக்கொண்டு, நீ கவரில் போட்டுத் தரும் சாதா ஐந்நூறை அந்த இடத்தில் வைப்பேன். ஒன்றரை வருஷமாக இதுதான் நடக்கிறது. தொகையில் ஒரு ரூபாய் குறைந்தது இல்லை. ஆனால் சொந்தப் பணத்தை வேனுக்குள் கொண்டுபோவதே தப்பு. தெரிந்தால் வேலை போய்விடும், இப்போது வேலையோடு நிற்காது.

நாம் அனுப்பிக்கொண்ட நோட்டுப் படங்களை நான் முன்பே அழித்துவிட்டேன். நீயும் அழித்துவிடு. அப்புறம், பாப்பா பிறந்தநாளுக்கு வந்தபோது நீ கொடுத்த கவரில் எல்லாம் நல்ல நோட்டுதானே? சும்மா கேட்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். உடனே பதில் போடு.

தம்பி,
பூபாலன்


மாமல்லபுரம்
8.6.2024

தம்பி பூபாலனுக்கு அக்காவின் அன்பும் ஆசீர்வாதமும். இங்கே மூவரும் சுகம். பாப்பாவுக்குப் பல் ஆடுகிறது. அதைத் தவிர இந்த வீட்டில் எதுவும் ஆடவில்லை.

அடேய் பயந்தாங்கொள்ளி! ஒரு மெஷினுக்குள் பணம் போவதற்குள் எத்தனை கை மாறுகிறது? வங்கி, வங்கியின் பெட்டகம், உங்கள் கம்பெனி ஆபீஸ், எண்ணுகிற பெண்கள், அப்புறம்தான் நீங்கள். உன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? நீயாகப் போய் எதையும் உளறாமல் இருந்தால் போதும். கேட்டால் ‘எனக்குத் தெரியாது சார்’ என்று சொல். இரண்டாம் முறை கேட்டாலும் அதையே சொல்.

படங்களை அழித்துவிட்டேன். நட்சத்திர நோட்டு ஆல்பத்தைப் பீரோவிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டேன். போன வருஷம் நட்சத்திரம் போட்ட நோட்டு கள்ளநோட்டு என்று வாட்ஸப்பில் கிளப்பி விட்டார்களே, ரிசர்வ் வங்கியே அது நல்ல நோட்டுதான் என்று சொன்ன பிறகும் எங்கள் ஓட்டல் வாட்ச்மேன் அதை வாங்க மாட்டேன் என்கிறார். அவரைப் போல ஒரு போலீஸ்காரர் வந்து என் ஆல்பத்தைத் திறந்தால், நான்தான் அச்சகம் வைத்திருக்கிறேன் என்று முடிவுகட்டிவிடுவார்.

நீ கடைசியாகக் கொண்டுவந்ததில் ஒன்று தேறவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வலது மூலையில் முடி அளவுக்கு ஒரு மடிப்பு. சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைக்காதே என்று எத்தனை முறை சொல்வது? இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. அச்சின் மேடு அமுங்கிவிடும், விரலால் தடவினாலே தெரியும். நம்மிடம் நோட்டு வாங்குகிற சென்னை ராமானுஜம் சாருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும்.

அம்மாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல். தபால் பகலில் வருவதால் மாமா கண்ணில் படாது, அவர் அப்போது காரில் சவாரி போயிருப்பார். கர்த்தர் உன்னைக் காப்பார்.

உன் அக்கா,
கவியா


சிங்கப்பெருமாள் கோயில்
15.6.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். அம்மா சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. பாப்பாவின் பல் விழுந்ததா?

நேற்று இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கே வந்துவிட்டார். மெல்லிய குரல்காரர், அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. மேஜைமேல் ஒரு புதுக் கட்டை வைத்தார். “இதுல எல்லாம் வரிசை நம்பரு, மடிப்பே இல்லாத புது நோட்டு. நடுவுல ஏழு மட்டும் எங்கிருந்து வந்துது? நட்சத்திர நோட்டு இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் அது இல்ல, வேற நோட்டு கீது. யாரோ எடுத்துட்டு வச்சிருக்கான். பேங்க்ல கட்டு பிரிக்கல. ஆபீஸ்ல பிரிக்கல. வேன்லதான் பிரிச்சீங்க.”

எண்ணுகிற பெண்கள், பெட்டகம் என்று நீ எழுதினாயே, எல்லாவற்றையும் அவர் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிட்டார். மிச்சம் இருப்பது இரண்டு பேர்.

பேரேட்டில் முதல் கையெழுத்து உலகநாதன் அண்ணனுடையது. அதனால் அவரைத்தான் எதிரே உட்கார வைத்தார். அண்ணன் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உருவுவதை அவர் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். “இன்னாடா அது, கலெக்சனா?” என்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேற்று அவர் வாயைத் திறந்தால் நான் முடிந்தேன் என்று நினைத்தேன். “தெரியாது சார்” என்று மட்டும் சொன்னார்.

அக்கா, கவரைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்த நோட்டெல்லாம் எங்கிருந்து வந்தது? உன் சம்பளப் பணம்தானா? அந்த மாதம் வேறு யாரிடமாவது சில்லறை மாற்றினாயா? யோசித்து எழுது.

தம்பி,
பூபாலன்


மாமல்லபுரம்
1.7.2024

அன்புத் தம்பிக்கு. நாங்கள் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. ஓட்டலில் கூட்டம், ரிசப்ஷனில் இன்னொரு பெண் லீவு, எனக்கும் இரண்டு நாள் காய்ச்சல்.

கவரில் இருந்தது என் சம்பளப் பணம்தான். நல்ல நோட்டுதான். அதையே போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

போன வியாழக்கிழமை எங்கள் ஓட்டலுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். தங்கியிருப்பவர்களின் பதிவேட்டைப் பார்க்க மாதா மாதம் வருகிறவர்தான். பதிவேட்டை எடுத்து நீட்டும்போது என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்றார். ஆமாம் என்றேன். காய்ச்சல் அன்றைக்குத்தான் வந்தது.

வக்கீல் வைக்க வேண்டியிருந்தால் சொல். ஆல்பத்தில் பத்து நோட்டை ராமானுஜம் சாரிடம் கொடுத்தால் ஏதாவது தேறும். தொடர் எண்ணாக மூன்று இருக்கிறது, அதற்கு நல்ல விலை வரும். ஆனால் இப்போது விற்கப் போனால் அவரே கேள்வி கேட்பாரோ என்று இருக்கிறது. உலகநாதன் அண்ணன் பெரியவர், அனுபவசாலி. அவர் சமாளித்துக்கொள்வார். நீ சும்மா இரு.

அக்கா


சிங்கப்பெருமாள் கோயில்
9.7.2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம். உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள்.

உலகநாதன் அண்ணன் சமாளிக்கவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, நாளைக்கு வா என்று அனுப்புகிறார்கள். எட்டு நாளாக இதேதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. தினமும் வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அவர் மனைவி கல்யாணி அக்கா வேலை செய்கிற வீட்டில் விஷயம் தெரிந்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார்கள். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. கல்யாணி அக்கா உள்ளே போனதும் அண்ணன் சொன்னார்: “உன்ன நான் காட்டிக் குடுக்கல. உனுக்கும் எனக்கும் ஆறு வருசப் பழக்கம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு பூபாலா. அந்த நோட்ட உனுக்கு யார் குத்தது?” நான் டம்ளரைக் கீழே வைத்தேன். “சரி வுடு, டீ ஆறிப்போவுது” என்றார்.

திங்கட்கிழமை என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த ஏழு நோட்டையும் காட்டினார்கள். இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் அக்கா. நான் வேனுக்குள் அவசரத்தில் சொருகியவன், பார்க்கவே இல்லை. நீ கொடுத்தது என்பதால் பார்க்கத் தோன்றவும் இல்லை. ஆனால் நேற்று உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் வருகிற பச்சைக் கோடு வெறும் மையில் போட்டது, சாய்த்தால் நீலமாக மாறவில்லை. தாள் காலண்டர் தாளைப் போல வழவழவென்று இருக்கிறது. ஒரு சிறுபிள்ளையிடம் கொடுத்தாலும் சொல்லிவிடும்.

முடி அளவு மடிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தள்ளியவள் நீ. இஸ்திரி போட்ட நோட்டை விரலால் தடவியே சொல்லுகிறவள் நீ. ஏழு நோட்டும் உன் கண்ணுக்குத் தப்பியதா அக்கா?

இல்லை என்று எழுதிவிடு. நான் நம்பிவிடுகிறேன்.

பூபாலன்


சிங்கப்பெருமாள் கோயில்
30.7.2024

அக்காவுக்கு. மூன்று வாரமாக உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். தபால்காரரைத் தெருமுனையில் நின்று பிடிக்கிறேன். நேற்று அவரே, “யார்ட்டருந்துபா எதிர்பாத்துகினு கீற, வேலை ஆர்டரா?” என்று கேட்டார்.

அங்கே எல்லோரும் சுகமாகத்தானே இருக்கிறீர்கள்? அதையாவது எழுது. பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட அம்மா பயப்படுகிறாள்.

உலகநாதன் அண்ணனை ஆகஸ்ட் பதினைந்துக்குள் கைது செய்துவிடுவார்கள் என்று டிரைவர் சொல்கிறார். அப்படி ஆகும்வரை நான் சும்மா இருந்தால் என்னால் எந்தக் கோயிலிலும் முழங்கால் போட முடியாது. உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் பன்னிரண்டாம் தேதி போய்ச் சொல்லப்போகிறேன்.

பூபாலன்


மாமல்லபுரம்
5.8.2024

என் பூபாலனுக்கு. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் நன்றாக இருக்கிறாள். அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தை மூன்று வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எட்டுத் தடவை பதில் எழுதிக் கிழித்தேன். எட்டிலும் பொய் எழுதினேன்.

தப்பவில்லை. பார்த்தேன்.

மே மாதம் ஒரு சனி ஞாயிறு ஆறு ஆண்கள் வேனில் வந்து தங்கினார்கள். காலி செய்யும்போது மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்தார்கள். பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், நான் எண்ணி உள்ளே போட்டுவிட்டேன். அவர்கள் வேன் கிளம்பிய பிறகு பெட்டியைத் திறந்து முதல் நோட்டைத் தொட்டேன். தொட்டவுடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் விரலைப் பழக்கி வைத்திருக்கிறேன் அல்லவா, அந்த விரல் அவர்கள் போன பிறகுதான் வேலை செய்தது. ஏழு நோட்டு. எங்கள் ஓட்டலில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். என் சம்பளம் பதினாலாயிரம். பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய மாதம்.

உனக்காக வைத்திருந்த என் நல்ல நோட்டில் ஏழு எடுத்து ஓட்டல் பெட்டியில் போட்டேன். அந்த ஏழு கள்ளநோட்டையும் உன் கவரில் போட்டேன். மேலே நல்லது, கீழே நல்லது, நடுவில் அவை. நீ பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மெஷினுக்குள் போய்விட்டால் எந்தக் கையிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும், வங்கிக்கு ஏழு நோட்டு ஒரு கணக்கா என்று நினைத்தேன். என் தம்பியின் கை என்று ஒன்று நடுவில் இருப்பதை நான் நினைக்கவில்லை. இல்லை, இதுவும் பொய். நினைத்தேன். மாட்ட மாட்டாய் என்று சொல்லிக்கொண்டேன்.

தெரிந்தே கொடுத்தால் ஜெயில்தான் என்று நெட்டில் போட்டிருக்கிறது. வாசலில் யார் பைக்கை நிறுத்தினாலும் எனக்கு உயிர் போகிறது. பாப்பா தூங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போகாதே பூபாலா. உலகநாதன் அண்ணனுக்கு என் ஆல்பம் முழுவதையும் விற்றுக் கொடுக்கிறேன். என் வளையலையும் கொடுக்கிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். போகாதே.

கவியா


சிங்கப்பெருமாள் கோயில்
14.8.2024

அக்காவுக்கு. அம்மா சுகம். அவளுக்குப் பாதி சொல்லியிருக்கிறேன், உன் பாதியைச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தேதி போனேன். நட்சத்திர நோட்டை உருவியது நான், சாதா நோட்டை வைத்தது நான், உலகநாதன் அண்ணனுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். “அந்த ஏழு எங்க கெடச்சுது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சந்தையில் யாரிடமோ சில்லறை மாற்றினேன், ஆள் அடையாளம் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. “ஆள் யாருன்னு சொன்னா உனுக்கு நல்லது. இல்லாங்காட்டி அச்சடிச்சவன் வரைக்கும் உன் கணக்குலதான் வரும். யோசிச்சுட்டு வா” என்றார். முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணனை மறுநாளே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணி அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்று திட்டிவிட்டுப் போனாள். கேட்டுக்கொண்டேன்.

உன் பெயர் எங்கும் வரவில்லை, இனியும் வராது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். இதுவரை பயத்தில் கோபப்பட நேரம் கிடைக்கவில்லை, இப்போது கிடைத்திருக்கிறது. கேட்டிருந்தால் அந்த மூவாயிரத்து ஐந்நூறை நான் கொடுத்திருப்பேன். கடன் வாங்கியாவது கொடுத்திருப்பேன் அக்கா. நீ என்னைக் கேட்கவே இல்லை.

முப்பதாம் தேதிக்குப் பிறகு அம்மாவை வந்து அழைத்துக்கொண்டு போ. அவளால் மாடிப்படி ஏற முடியாது, கீழே படுக்க வை.

பூபாலன்


மாமல்லபுரம்
24.8.2024

என் தம்பிக்கு. நாங்கள் சுகம் என்று எழுதிப் பழகிய கை, அதையே எழுதப் போகிறது. சுகமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்க மாட்டேன். உன் பெயர் வரவில்லை என்ற வரியைப் படித்ததும் மூச்சு விட்டேன், எழுந்து போய்ச் சோறு வடித்தேன், ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் நான் என்ன சாப்பிட்டேன் என்று புரிந்தது. போலீஸுக்கு இத்தனை நாள் பயந்தேன். இப்போது என்னை நினைத்தே பயமாக இருக்கிறது.

உன்னிடம் இன்னொன்றையும் மறைத்தேன். அந்த ஆறு பேர் தங்கினார்கள் என்றேன் அல்லவா? ஓட்டலில் தங்குகிறவர்கள் அடையாள அட்டையின் நகல் கொடுக்க வேண்டும். இரண்டு பேருடைய ஆதார் நகலும், போன் நம்பரும், வேன் நம்பரும் எங்கள் பைலில் இருக்கின்றன. முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. என் நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில். ஆள் யாரென்று தெரியாது என்று நீ அங்கே சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்துக் கொடுத்தால் எப்படி வந்தது என்று கேட்பார்கள், என் பெயர் வரும். அதனால்தான் கொடுக்கவில்லை.

நேற்று உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். “பாப்பாவ நான் பாத்துக்குறேன். நீ போய் சொல்லிட்டு வா. அவன் நம்ம வூட்டுப் புள்ள” என்றார். அப்புறம் வெளியே போய்விட்டார். இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி வருகிறேன். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் காலை பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து மாறி வருகிறேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நில். நான் வருவதற்கு முன்னால் உள்ளே போகாதே. நான் முதலில் போகிறேன்.

ஆனால் எனக்கு என்னைத் தெரியும் பூபாலா. அன்று காலையில் பாப்பா எழுந்து அம்மா என்று கூப்பிட்டால் என் கால் பஸ் ஸ்டாண்டு வரை வருமா என்று சொல்ல முடியவில்லை. எட்டுத் தடவை பொய் எழுதியவள் நான். அதனால் இன்று மத்தியானம் ஓட்டலில் யாரும் இல்லாதபோது அந்த நகல்களை எடுத்துப் படி எடுத்துவிட்டேன். இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி, என் முழுப் பெயரும் முகவரியும் போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பத்து மணி வரை பார். நான் வராவிட்டால் எனக்காகக் காத்திருக்காதே, எனக்காக இரக்கப்படவும் செய்யாதே. உள்ளே போய் இதைக் கொடுத்துவிடு.

உன் அக்கா,
கவியா